எண்டர் அடிக்கும் முன் ஓர் ஊகம்

யூனிக்ஸ் கட்டளைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துவிடும். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கட்டளையைத் தட்டுங்கள். எண்டர் அடிக்கும் முன், திரையில் என்ன வரப்போகிறது என்று ஊகித்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அடியுங்கள். ஊகம் பலித்தால் நல்லது. பலிக்காவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த இடத்தில்தான் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. இயற்பியல் சோதனைக்குக் கருவி வேண்டும், வேதியியலுக்கு அமிலம் வேண்டும். கட்டளை வரியில் சோதனை செய்யக் கையில் இருக்கும் கணினியே போதும். ஒரு சோதனை இரண்டு நொடியில் முடிந்துவிடும்.

லினக்ஸ், மேக் இரண்டிலும் டெர்மினல் ஏற்கனவே இருக்கிறது. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் நிறுவிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலி போதும். கீழே கட்டளைகளை வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளைத்தான் தட்ட வேண்டும்: எல்எஸ் என்றால் எல், எஸ் என்ற இரண்டே எழுத்து, கேட் என்றால் சி, ஏ, டி, கிரெப் என்றால் ஜி, ஆர், இ, பி. கோப்புகளின் பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம். கோப்புப் பெயரில் சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர வேறு எதையும் யூனிக்ஸ் தடுப்பதில்லை.

முதல் சோதனை மூன்று வரி.

எம்கேடிர் பயிற்சி
சிடி பயிற்சி
எல்எஸ்

முதல் வரி 'பயிற்சி' என்ற ஃபோல்டரை உருவாக்குகிறது, இரண்டாவது அதற்குள் நுழைகிறது, மூன்றாவது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதிலாகத் திரையில் என்ன வரும்? ஒன்றுமே வராது. ஆனால் மூன்று மௌனமும் ஒன்றல்ல. முதல் இரண்டு கட்டளைகள் வேலை ஒழுங்காக முடிந்ததால் பேசவில்லை. மூன்றாவது, காட்ட ஒன்றும் இல்லாததால் பேசவில்லை. இப்போது எம்கேடிர் பயிற்சி என்பதை இரண்டு முறை தட்டுங்கள். முதல் முறை ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் மௌனமாகப் பிறக்கும். இரண்டாம் முறை, ஏற்கனவே இருக்கிறது என்ற புகார் வரும். வேலை நடந்தால் மௌனம், நடக்காவிட்டால் பேச்சு என்பதுதான் இங்கே வழக்கம்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஓர் இயந்திரம் இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் என்ற இடத்திலிருந்த பெல் ஆய்வகத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 என்ற சின்னக் கணினியில் யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் திரை இல்லை. டெலிடைப் இருந்தது. தட்டச்சுப் பொறியைப் போலக் காகிதச் சுருளில் அடித்துத் தள்ளும் கருவி அது. பரவலாக இருந்த 'டெலிடைப் 33' என்ற மாதிரி நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். 80 எழுத்துக்கு 8 நொடி. ஒவ்வொரு வேலைக்கும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று அடித்துக்கொண்டிருந்தால் காகிதமும் போகும், பொழுதும் போகும். கட்டளைகளின் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்தில் நிற்பதிலும் டெலிடைப்பின் கனத்த விசைகளுக்குப் பங்கு உண்டு.

அடுத்து எழுதிப் பார்க்கலாம்.

எக்கோ கத்தரி > காய்
எக்கோ வெண்டை > காய்
கேட் காய்

எக்கோ, கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும். > என்ற குறி, சொன்னதைத் திரைக்குப் பதிலாகக் கோப்புக்கு அனுப்பும். கேட், கோப்பில் இருப்பதைக் காட்டும். கத்தரியும் வெண்டையும் வரும் என்றுதான் புதிதாகத் தொடங்கும் பெரும்பாலோர் ஊகிப்பார்கள். வெண்டை மட்டும்தான் வரும். ஒற்றைக் குறி பழையதைத் துடைத்துவிட்டு எழுதுகிறது. >> என்று இரண்டாகப் போட்டால்தான் கடைசியில் சேர்க்கும். எச்சரிக்காமல் துடைத்துவிடும் இந்தக் குணம் ஆபத்தானது. அதனால்தான் இதை முக்கியமான கோப்பில் அல்ல, ஒரு காயின் பெயர் மட்டும் இருக்கும் கோப்பில் முதலில் சந்திக்க வேண்டும் என்கிறேன்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த சோதனை.

எல்எஸ் > பட்டியல்
கேட் பட்டியல்

ஃபோல்டரில் இருப்பவற்றின் பெயர்களைப் 'பட்டியல்' என்ற கோப்பில் எழுதச் சொல்கிறோம். எல்எஸ் ஓடத் தொடங்கும்போது 'பட்டியல்' என்ற கோப்பே இல்லையே, ஆகவே காய், பயிற்சி ஆகிய இரண்டும்தான் அதில் இருக்கும் என்று ஊகிப்பது நியாயம். அடித்துப் பாருங்கள். பட்டியலில் 'பட்டியல்' என்ற பெயரும் இருக்கும்.

காரணம் இது. நாம் தட்டும் வரியை முதலில் படிப்பது எல்எஸ் அல்ல. டெர்மினலுக்குள் ஷெல் என்ற நிரல் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் வரியை முழுவதும் வாசித்து, > குறியைக் கண்டதும் கோப்பைத் திறந்து வைத்து, அதன் பிறகே எல்எஸ்ஸைக் கூப்பிடுகிறது. எல்எஸ் வந்து பார்க்கும்போது கோப்பு அங்கே காலியாகக் காத்திருக்கிறது. அதையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. தான் எழுதுவது திரைக்குப் போகிறதா கோப்புக்குப் போகிறதா என்று எல்எஸ் கவலைப்பட வேண்டியதில்லை. குழாயைத் திருப்பிவிடும் வேலை ஷெல்லுடையது.

இது புரிந்தால், பலரைத் தவிக்க வைத்த இன்னொரு விபத்தும் புரிந்துவிடும்.

சார்ட் காய் > காய்

காய் என்ற கோப்பை அகரவரிசைப்படுத்தி, அதே கோப்பில் போட நினைக்கிறோம். அடித்த பிறகு கோப்பு காலி. ஷெல் முதலில் காய் கோப்பை எழுதுவதற்காகத் திறந்தது, திறந்ததும் துடைத்தது, அப்புறம் சார்ட்டைக் கூப்பிட்டது. அது வாசிக்க வந்தபோது ஒரு வரியும் மிச்சமில்லை. முந்தைய சோதனையை ஊகித்துப் பார்த்தவர், இந்த வரியை ஒருநாள் உண்மையான தரவோடு தட்டப்போகும்போது கையை நிறுத்துவார். சரியான முறை சார்ட் கட்டளையிலேயே இருக்கிறது: சார்ட் -ஓ காய் காய். முழுவதும் வாசித்து முடித்த பிறகே அது எழுதத் தொடங்கும்.

ஷெல்லின் கைவேலையை நேரடியாகப் பார்க்க ஒரே வரி போதும்: எக்கோ *. நட்சத்திரக் குறி திரும்பி வராது. ஃபோல்டரில் உள்ள பெயர்கள் அனைத்தும் வரும். நட்சத்திரத்தைப் பெயர்களாக விரித்தது ஷெல். எக்கோவுக்கு அது தெரியவே தெரியாது. அழிக்கும் கட்டளையான ஆர்எம் விஷயத்திலும் இதே கதைதான். ஆர்எம் *.பழைய என்று தட்ட வேண்டியவர், கை தவறி நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டுவிட்டால், ஷெல் நட்சத்திரத்தைத் தனியாக விரித்து எல்லாக் கோப்புகளின் பெயரையும் ஆர்எம்மிடம் கொடுத்துவிடும். இங்கே குப்பைக்கூடை கிடையாது, போனது போனதுதான். எதையும் அழிப்பதற்கு முன் அதே வரியின் தொடக்கத்தில் எக்கோ என்று சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்தெந்தப் பெயர்கள் போகப்போகின்றன என்று திரையில் தெரியும். பட்டியல் சரியாக இருந்தால் எக்கோவை எடுத்துவிட்டு அடிக்கலாம். இந்தப் பழக்கத்தை முதல் நாளே விரல்களுக்கு ஏற்றிவிட வேண்டும்.

தவறுகள் எங்கே போகின்றன என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். இல்லாத கோப்பைக் கேட்டு எல்எஸ் பேய் > விடை என்று தட்டுங்கள். புகார் கோப்புக்குள் போகாமல் திரைக்கு வரும். 'விடை' காலியாக இருக்கும். ஒவ்வொரு நிரலுக்கும் விடைக்கு ஒரு வழி, புகாருக்கு வேறு வழி. தொடக்கத்தில் இந்தப் பிரிவு இல்லை. பெல் ஆய்வகத்தில் பக்கங்களை ஒளியச்சுக் கோக்கும் இயந்திரத்துக்கு அனுப்பியபோது, பிழைச் செய்திகளும் சேர்ந்து விலை உயர்ந்த தாளில் அழகாக அச்சாகி வெளிவந்தன. அதன் பிறகே புகாருக்குத் தனி வழி வெட்டினார்கள்.

இனி யூனிக்ஸின் உயிர்நாடிக்கு வரலாம். ஒரு வாரம் வாங்கிய காய்களை எழுதிக்கொள்வோம். கேட் > காய் என்று தட்டி எண்டர் அடித்தால் டெர்மினல் சும்மா நிற்கும். உறைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், நீங்கள் எழுதுவதற்காகக் காத்திருக்கிறது. வரிக்கு ஒன்றாகக் கத்தரி, வெண்டை, கத்தரி, தக்காளி, கத்தரி, வெண்டை என்று ஆறு வரி தட்டி, புதிய வரியில் கண்ட்ரோல்-டி அழுத்துங்கள். எந்தக் காய் எத்தனை முறை? ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கி எண்ணும் கட்டளை யூனிக். யு, என், ஐ, க்யூ என நான்கே எழுத்து.

யூனிக் -சி காய்

கத்தரி 3 என்று ஊகித்திருப்பீர்கள். வருவதோ ஆறு வரி, ஒவ்வொன்றின் முன்னும் 1. யூனிக் ஒரு வரியை அதற்கு முந்தைய வரியோடு மட்டும்தான் ஒப்பிடுகிறது. சோம்பல் அல்ல இது. முந்தைய ஒரே வரியை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்பதால் கோப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 1971-ல் யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, மிச்சமிருந்த 8 கிலோபைட்டில்தான் பயனரின் நிரல் பிழைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பஞ்சத்தில் வளர்ந்த குணங்கள் இவை. ஒரே மாதிரி வரிகளை அருகருகே கொண்டுவரும் வேலைக்குச் சார்ட் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவிடலாம்.

சார்ட் காய் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர்

இப்போது 3 கத்தரி, 2 வெண்டை, 1 தக்காளி என்று இறங்குவரிசையில் வரும். நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடுதான் பைப். இடப்பக்க நிரலின் விடை வலப்பக்க நிரலுக்கு உள்ளீடாகிறது. கடைசிச் சார்ட்டில் உள்ள என் என்பது எண்ணாகக் கருதி வரிசைப்படுத்து என்றும், ஆர் என்பது தலைகீழாக என்றும் பொருள்படும். என், ஆர் இரண்டையும் எடுத்துவிட்டு 9, 10, 100 ஆகியவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். அவற்றை எழுத்துகளாகப் பார்ப்பதால் 9 கடைசிக்குப் போய்விடும்.

தோட்டத்து ரப்பர் குழாய்களைத் திருகி இணைப்பது போல நிரல்களை இணைக்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964-லேயே பெல் ஆய்வகத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். யூனிக்ஸ் பிறப்பதற்கு ஐந்து ஆண்டு முன்பு. பிறந்த பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1973-ல் கென் தாம்சன் பைப்பை இயங்குதளத்துக்குள் சேர்த்தார். அதன் பிறகு இருந்த நிரல்களைத் திருத்தத் தொடங்கினார்கள்: ஒவ்வொன்றும் உள்ளீட்டை வாங்கவும் விடையை வெளியே கொடுக்கவும் தெரிந்ததாக, தேவையற்ற தலைப்புகளை அச்சடிக்காததாக. மௌனமாக இருக்கும் வழக்கம் இங்கே இரண்டாம் முறை பலன் கொடுத்தது. யூனிக் தன் விடையின் மேல் 'இதோ உங்கள் முடிவு' என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அடுத்து நிற்கும் சார்ட் அதையும் ஒரு காயாக எண்ணியிருக்கும்.

பைப்பில் எது முதலில் ஓடுகிறது என்று ஊகிக்க ஒரு சோதனை:

ஸ்லீப் 5 | எக்கோ வந்தேன்

ஸ்லீப் ஐந்து நொடி தூங்கும். அது முடிந்த பிறகுதான் எக்கோ பேசும் என்று நினைக்கத் தோன்றும். 'வந்தேன்' உடனே வரும். அதன் பிறகு ஐந்து நொடி திரை காத்திருக்கும். பைப்பில் உள்ள எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. உள்ளீடு தேவைப்படும் நிரல்தான் காத்திருக்கும், எக்கோவுக்கு உள்ளீடே வேண்டாம். பெரிய கோப்பை வடிகட்டும்போது, முதல் நிரல் முடியும் முன்பே கடைசி நிரலின் விடை திரையில் ஓடத் தொடங்குவது இதனால்தான்.

1986-ல் ஜான் பென்ட்லி என்பவர், கணினித் துறையினர் வாசிக்கும் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் தான் எழுதிவந்த பத்திக்காக கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத்திடம் ஒரு நிரல் கேட்டார். ஒரு நூலில் அதிகம் வரும் சொற்களை, எத்தனை முறை என்ற எண்ணோடு இறங்குவரிசையில் காட்ட வேண்டும். க்னூத் அழகான தரவுக் கட்டமைப்பு ஒன்றை வகுத்து, பத்துப் பக்கங்களுக்கு மேல் விளக்கத்தோடு எழுதிக் கொடுத்தார். அதைத் திறனாய்வு செய்த மெக்கில்ராய், அந்த வேலைப்பாட்டைப் பாராட்டிவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆறு கட்டளைகளை ஒரே பைப்பில் கோத்துக் காட்டினார்: எழுத்தல்லாத எல்லாவற்றையும் வரி முறிவாக்கு, பெரிய எழுத்தைச் சிறிதாக்கு, வரிசைப்படுத்து, எண்ணு, எண்ணின்படி வரிசைப்படுத்து, தேவையான அளவில் நிறுத்து. கடைசி நான்கும் நாம் காய்க்குப் போட்ட அதே வரிதான். முடிவில் ஹெட் என்று ஒன்று சேர்த்தால் போதும். தான் நிரல் எழுதும் முறையை விளக்கிக் காட்டத்தான் க்னூத்தை அழைத்திருந்தார்கள், ஆகவே அந்த ஒப்பீடு அவருக்கு நியாயமானதல்ல என்பார் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் கட்டளை வரியைக் கற்கிற ஒருவர் அந்த ஆறு வரியைத் தானே கட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டளையாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஓட்டி, விடை எப்படி உருமாறுகிறது என்று பார்த்தால் ஒரு மாலைப் பொழுதில் பாதி யூனிக்ஸ் கைக்கு வந்துவிடும்.

அதைத் தமிழ் உரையில் ஓட்டிப் பார்க்கலாமா? மெக்கில்ராயின் முதல் கட்டளையே கைவிட்டுவிடும். ஆங்கில அகரவரிசையில் இல்லாத ஒவ்வொரு பைட்டையும் அது வரி முறிவாக்குகிறது. தமிழில் ஒரு சொல்கூடத் தப்பாது. ஏன் என்று அறிய, கணினிக்குள் தமிழ் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். இதையும் ஊகித்துவிட்டே அடியுங்கள்.

எக்கோ தமிழ் | டபிள்யூசி -சி
எக்கோ தமிழ் | டபிள்யூசி -எம்

நாம் எண்ணினால் மூன்றெழுத்து. முதல் வரிக்கு விடை 16, இரண்டாவதற்கு 6. முதல் வரி பைட்டுகளை எண்ணுகிறது, இரண்டாவது யூனிகோடு குறிகளை. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். எக்கோ கடைசியில் சேர்க்கும் வரி முறிவு ஆறாவது. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 15. வரி முறிவுக்கு ஒன்று. அந்தப் பதினாறையும் கண்ணால் பார்க்கலாம்: எக்கோ தமிழ் | ஓடி -டி யூ1. இடப்பக்கத்தில் ஒரு நகர்வு எண், அதை விட்டுவிடுங்கள். அப்புறம் 224 174 164 என்று தொடங்கும், அதுதான் த. 224 174 174 என்பது ம. 224 174 191 கொக்கி, 224 174 180 ழகரம், 224 175 141 புள்ளி, கடைசியில் 10 வரி முறிவு. தமிழ்க் குறி எதுவானாலும் 224-இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வரும். கண்ணால் ஒருமுறை கண்டால் மறக்காது.

இந்த முறைக்கு யூடிஎஃப்-8 என்று பெயர். 1992 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஓர் உணவகத்தில், மேசையில் தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளில் இதை வரைந்தவர் கென் தாம்சன். உடனிருந்தவர் ராப் பைக். யூனிக்ஸைத் தொடங்கிய அதே தாம்சன்தான். பழைய ஆங்கில எழுத்துகளுக்கு ஒரு பைட் அப்படியே இருக்க, மற்ற மொழிகளின் பைட்டுகள் எதுவும் அந்தப் பழைய எண்களோடு மோதாதபடி அமைத்தார். சாய்கோடு, இடைவெளி, வரி முறிவு ஆகியவற்றின் எண்கள் ஒரு தமிழ்க் குறிக்குள் ஒருபோதும் வராது. அதனால்தான் தமிழை அறியாத ஷெல் 'பயிற்சி' என்ற ஃபோல்டரைத் தயங்காமல் உருவாக்கியது. ஒரு சின்ன நட்டம் உண்டு: லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கலாம், தமிழில் 85 குறிகளோடு நின்றுவிடும்.

இந்த அறிவு இருந்தால் தேடலில் வரும் விசித்திரங்கள் புரியும். மரம், மர்மம், மாரி என்று மூன்று வரி கொண்ட கோப்பில் கிரெப் மர என்று தேடினால் மரம் கிடைக்கும், மர்மமும் கிடைக்கும். நம் கண்ணுக்கு 'ர்' ஒரே எழுத்து. கணினிக்கு அது ரகரமும் அதைத் தொடர்ந்து ஒரு புள்ளியும். மாரி கிடைக்காது, மகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவில் கால் நிற்கிறது. வரிசைப்படுத்தலும் அப்படியே. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன ஆகிய எட்டையும் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி, பைட் எண்ணின்படி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அதற்கு எல்சி_ஆல்=சி சார்ட் என்று தொடங்க வேண்டும்; சமக் குறிக்கு இருபுறமும் உள்ளவை பெரிய எழுத்தில். விடை: ன, ய, ர, ற, ல, ள, ழ, வ. நம் நெடுங்கணக்கை யாரோ கலைத்துப்போட்டது போலிருக்கும். இந்திய மொழிகளுக்கான பழைய இஸ்கி தரத்தைப் பின்பற்றி, தேவநாகரியின் வரிசைக்கு இணையாகத் தமிழையும் அடுக்கியதால் வந்தது இது. னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் நிற்கின்றன. தமிழ் அகராதியோ வாக்காளர் பட்டியலோ தயாரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவே கூடாது.

சரி, இப்போது பைப்பைத் தமிழுக்கேற்பத் திருத்துவோம். எழுத்தல்லாதவற்றை முறிப்பதற்குப் பதிலாக, இடைவெளியையும் நிறுத்தற்குறிகளையும் மட்டும் வரி முறிவாக்கினால் போதும். அவை எல்லாம் ஒரு பைட் எழுத்துகள் என்பதால், எழுத்துகளை மாற்றும் டிஆர் கட்டளை அவற்றைச் சரியாகக் கையாளும். பெரிய எழுத்துச் சின்ன எழுத்துச் சிக்கல் நமக்கு இல்லை, ஒரு கட்டளை மிச்சம். < என்ற குறி, கோப்பில் இருப்பதை உள்ளீடாகக் கொடுக்கும்.

டிஆர் -எஸ் ' .,;?!' '\என்' < குறள் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட்

1998-லிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டுவரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் திருக்குறள் இலவசமாகக் கிடைக்கிறது. தலைப்புகள், அதிகாரப் பெயர்கள், குறள் எண்கள் ஆகியவற்றை நீக்கிவிட்டுப் பாடல்களை மட்டும் 'குறள்' என்ற கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கும் வேலையே நல்ல பயிற்சி: எண்கள் உள்ள வரிகளைக் கிரெப் -வி கொண்டு கழிக்கலாம், ஆனால் குறளின் கடைசியிலேயே எண் ஒட்டியிருந்தால் அந்த வரி முழுவதும் போய்விடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டும், பிறகே கழிக்க வேண்டும்.

சொற்களை எண்ணுவதற்கு முன் கோப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, இந்த நூலே நமக்கு விடைத்தாள் கொடுத்திருக்கிறது. 1330 குறள், ஒவ்வொன்றும் இரண்டு அடி. டபிள்யூசி -எல் குறள் என்றால் 2660 வர வேண்டும். ஒரு குறளுக்கு ஏழு சீர். சீருக்குச் சீர் இடைவெளி விட்டிருந்தால் டபிள்யூசி -டபிள்யூ குறள் 9310 காட்ட வேண்டும். பெரும்பாலான நூல்களுக்கு இப்படி முன்கூட்டியே தெரிந்த எண்ணிக்கை சுலபத்தில் கிடைக்காது. எண் பொருந்தவில்லை என்றால் எந்த அடியில் கோளாறு என்று ஆக் கட்டளையைக் கேட்கலாம். ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977-ல் பெல் ஆய்வகத்தில் எழுதியது அது.

ஆக் 'என்எஃப் != 4 && என்எஃப் != 3' குறள்

என்எஃப் மட்டும் பெரிய எழுத்து. ஒரு வரியில் எத்தனை சொல் என்பதை அது குறிக்கும். முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. நான்கும் இல்லாமல் மூன்றும் இல்லாமல் இருக்கும் வரிகள் மட்டும் திரையில் விழும். அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில இடங்களில் பதிப்பாசிரியர் பொருள் எளிதாக விளங்குவதற்காகச் சந்தியைப் பிரித்திருப்பார், அது பிழையல்ல. சில இடங்களில் தட்டச்சிட்டவர் இடைவெளியை விட்டிருக்க மாட்டார். சில இடங்களில் நாம் நீக்கத் தவறிய அதிகாரத் தலைப்பு எட்டிப் பார்க்கும்.

வரிகள் எல்லாம் பொருந்திய பிறகும் சொல் எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கலாம். கொ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டில் வேறு. ஒரே சொல் இரண்டு விதமாகவும் தட்டப்பட்டிருந்தால் யூனிக் அதை இரண்டு சொல்லாக எண்ணும். நீங்கள் தேடும்போது கிரெப் பாதியைத்தான் கண்டுபிடிக்கும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டிய 'ஒள' இன்னும் பரவலானது. விடையில் ஒரே சொல் இரண்டு முறை வருவது போலத் தெரிந்தால், இரண்டையும் தனித்தனியே எக்கோ செய்து ஓடி வழியே அனுப்புங்கள். ஒகரக் குறியின் சிக்கல் என்றால், ஒன்று 224 175 138 என்று காட்டும், மற்றது 224 175 134 224 174 190 என்று காட்டும். எந்த வடிவம் வேண்டும் என்று முடிவு செய்து, எஸ்இடி என்ற மாற்றும் கட்டளையால் கோப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி எண்ணலாம். விடையைப் புதிய கோப்பில் எழுதுங்கள், பழைய பெயரில் வேண்டாம்.